எண்ணிக்கையில் மக்கள், சட்டத்தில் அயலார்: சோல்பரி அரசியல் திட்டமும் விடுபட்ட குடியுரிமையும்

திறவுச்சொற்கள்: சோல்பரி ஆணைக்குழு, அமைச்சர் வரைவு, 29ஆம் பிரிவு, குடியுரிமை, வாக்குரிமை, மலையகத் தமிழர்

மலையக இலக்கியம் பற்றிய ஆய்வேடுகள் பலவற்றில் வரலாற்றுப் பின்னணி என்னும் இயல் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில் தொடங்குகிறது. இலங்கை 1948ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோர் ஆக்கியது என்பது அவ்வாக்கியம். செய்தியளவில் இதில் பிழையில்லை. ஆயினும் விடுதலைக்குப் பின் திடீரென நேர்ந்த ஒரு வஞ்சகச் செயலாகவே அந்நிகழ்வைக் காணும் பார்வையை இது வளர்த்துவிட்டது. டி. எஸ். சேனநாயக்க அரசு 1948ஆம் ஆண்டு செய்ததை, அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் வகுக்கப்பட்ட அரசியல் திட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. ஆட்சியைக் கைமாற்றுவதற்கு முன் வகுக்கப்பட்ட அத்திட்டம் தோட்டத் தமிழரைத் தலைக்கணக்கில் சேர்த்துக்கொண்டது. அவர்கள் யார் என்னும் வினாவை மட்டும் விடையின்றி விட்டுச் சென்றது. பின்னர் நடந்தவை யாவும் அந்த இடைவெளியின் வழியாகவே நடந்தன என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சி. வி. வேலுப்பிள்ளையின் வாழ்வு இதற்குச் சான்றாகும். மலையகத்தின் முதன்மையான படைப்பாளியாக அறியப்படும் அவர், 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று முதல் நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். அடுத்த தேர்தல் 1952ஆம் ஆண்டு வந்தபோது, அவரைத் தேர்ந்தெடுத்த மக்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை. ஒரு தொகுதியின் மக்கள் அங்கேயே இருக்க, அவர்தம் வாக்கு மட்டும் மறைந்துபோவது எவ்வாறு இயன்றது? இலக்கிய ஆய்வு இவ்வினாவைச் சட்ட வரலாற்றாசிரியரிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது தகாது.

திட்டம் உருவான முறை

டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931ஆம் ஆண்டு இலங்கையில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. ஆசியாவின் காலனிகளுள் இது முன்னோடி நிகழ்வு என்று பாராட்டப்படுவது வழக்கம். அந்தப் பாராட்டுரைகள் ஓர் அடிக்குறிப்பை மறந்துவிடுகின்றன. இந்தியாவிலிருந்து வந்து தோட்டங்களில் குடியேறியவர் வாக்காளராகப் பதிவு பெறுவதற்கு நிலையான வதிவிடத்தை மெய்ப்பிக்க வேண்டும். அல்லது கல்வி, சொத்துத் தகுதி காட்ட வேண்டும். அல்லது நிலையாகக் குடியமர்ந்தமைக்கான சான்றிதழ் பெற வேண்டும். இலங்கையர் என்று கொள்ளப்பட்ட மற்றவருக்கு இத்தகைய மெய்ப்பிப்பு நடைமுறையில் தேவைப்படவில்லை. பொது வாக்குரிமை வந்த நாளிலேயே ஒரு பகுதி மக்கள் தம்மை நிறுவிக் காட்ட வேண்டியவராயினர். 1930களின் இறுதியில் பதிவு பெற்ற இந்திய வாக்காளர் தொகை இரண்டு லட்சத்தைக் கடந்தது. அதன்பின் பதிவு முறை இறுக்கப்பட்டு, அத்தொகை குறைக்கப்பட்டது. 1948 ஒரு தொடக்கம் அன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

இரு நாடுகளுக்கிடையிலும் இச்சிக்கல் வெளிப்படையாகவே பேசப்பட்டது. அரசுப் பணியிலிருந்த இந்திய நாட்கூலித் தொழிலாளரை நீக்கும் முடிவையொட்டி 1939ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நேரு கொழும்பு வந்தார். இலங்கை இந்தியர் காங்கிரசு அவ்வருகையின்போது பிறந்தது. தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை அடுத்த மாதமே இந்திய அரசு தடைசெய்தது. 1940ஆம் ஆண்டு தில்லியில் நடந்த பேச்சு முறிந்தது. 1941ஆம் ஆண்டு பாஜ்பாய், சேனநாயக்க ஆகியோர் தலைமையிலான குழுக்கள் எட்டிய உடன்பாடும் இறுதி ஏற்புப் பெறவில்லை.

இவ்வளவும் நடந்தபின்னரே 1943ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் பிரித்தானிய அரசு தன் அறிவிப்பை வெளியிட்டது. போருக்குப் பின் உள்நாட்டு நிருவாகத்தில் முழுப் பொறுப்பாட்சி வழங்கப்படும்; பாதுகாப்பும் வெளியுறவும் பிரித்தானியரிடம் இருக்கும்; அமைச்சர்களே வரைவைத் தயாரிக்கலாம்; அது அரசாங்க சபையில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பன அதன் சாரம். அமைச்சர்கள் விரைந்து செயற்பட்டனர். அப்போது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஐவர் ஜெனிங்ஸ் அவர்களுக்குத் துணைநின்றார். அரசியலமைப்புச் சட்டத்தில் உலகப் புகழ்பெற்ற அறிஞர் ஒருவர் ஒரு காலனியின் எதிர்காலத்தை எழுதும் பணியில் சேனநாயக்கவின் நம்பிக்கைக்குரியவராய் அமர்ந்தது சுவையான செய்திதான். பல்கலைக்கழகத்தார் அரசியல் திட்டம் வரைவதை இன்றும் பெருமையாகவே கொள்வர். ஆனால் அந்த வரைவு எந்த மக்களவையிலும் வரிக்கு வரி விவாதிக்கப்படாமல், ஒரு சிறு வட்டத்துள் உருப்பெற்றது என்பதும் உடன் நினைவுகூரத்தக்கது.

சிறுபான்மையினர் உள்ளிட்ட பல்வேறு தரப்பினரின் கருத்தையும் கேட்க ஓர் ஆணைக்குழு அனுப்பப்படும் என்று 1944ஆம் ஆண்டு சூலையில் இலண்டன் அறிவித்தபோது, அமைச்சர்கள் அதனை வாக்குத் தவறியதாகக் கருதித் தம் வரைவைத் திரும்பப் பெற்றனர். சோல்பரி பிரபு, கல்வியாளர் பிரடெரிக் ரீஸ், இரயில்வேத் தொழிற்சங்கத் தலைவராயிருந்து பின்னாளில் வங்காளத்தின் கடைசி ஆங்கிலேய ஆளுநரான பிரடெரிக் பரோஸ் ஆகிய மூவரும் 1944 திசம்பரில் வந்து, 1945 ஏப்ரலில் திரும்பினர். அமைச்சர்கள் ஆணைக்குழுவின் முன் முறைப்படி சாட்சியம் அளிக்கவில்லை. ஆயினும் தனிப்பட்ட முறையில் தம் கருத்தைச் சேர்ப்பிக்க அவர்களுக்கு வழியில்லாமற் போகவில்லை. முறைப்படி வந்து வாதிட்டவர்கள் சிறுபான்மையினர். இறுதியில் ஆணைக்குழுவின் அறிக்கையோ பெரும்பாலும் அமைச்சர் வரைவின் எலும்புக்கூட்டின்மேல் அமைந்தது. காலனிகளில் ஆணைக்குழுக்கள் நடந்துகொள்ளும் முறைக்கு இது புறனடையன்று.

முப்பத்தேழு என்னும் எண்

சிறுபான்மையினர் பாதுகாப்புக்கெனத் திட்டத்தில் இடம்பெற்றவை சில. முப்பது உறுப்பினர் கொண்ட மேலவை, பொதுச் சேவை ஆணைக்குழு, பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு ஆகியவை அவற்றுள் அடங்கும். மேலவை உறுப்பினருள் பாதிப்பேரைக் கீழவையே தேர்ந்தெடுக்கும். மீதிப்பேர் நியமனம் பெறுவர். கீழவையின் நிழலைக் கீழவைக்குக் காவலாக நிறுத்தியது போன்ற ஏற்பாடு அது. 1971ஆம் ஆண்டு எவரும் பெரிதாக வருந்தாமலே ஒழிக்கப்பட்டது. திட்டத்தின் உண்மையான காவல்கள் இரண்டே. ஒன்று 29ஆம் பிரிவு. மற்றொன்று தொகுதிக் கணக்கு.

இருபத்தொன்பதாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, எந்தச் சமூகத்தார்க்கும் மதத்தார்க்கும் பிறருக்கில்லாத தடையை விதிக்கும் சட்டமோ, பிறருக்கில்லாத சலுகையை வழங்கும் சட்டமோ இயற்றுவதற்கு நாடாளுமன்றத்திற்கு அதிகாரமில்லை என்றது. மீறி இயற்றப்படும் சட்டம் அம்மீறலின் அளவுக்குச் செல்லாது. அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமாயின், வராதோரையும் சேர்த்துக் கீழவையின் மொத்த உறுப்பினருள் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களிக்க வேண்டும். ஆக, இப்பூட்டின் வலிமை கீழவையில் சிறுபான்மையினர் எத்தனை பேர் இருப்பர் என்பதைச் சார்ந்திருந்தது.

அவர்கள் எத்தனை பேர் இருப்பர் என்பதற்கு அமைச்சர் தரப்பு ஒரு மதிப்பீட்டை வைத்திருந்தது. மக்கள்தொகையில் 75,000 பேருக்கு ஓர் இடம், அதனுடன் 1,000 சதுர மைல் பரப்புக்கு ஓர் இடம் என்று மாகாணங்களுக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. மக்கள் அடர்த்தி குறைந்த வட, கிழக்கு மாகாணங்களுக்குப் பரப்பளவு கைகொடுக்கும் என்பது கருத்து. இவ்வகையில் அமையும் 95 இடங்களுள் சிங்களர்க்கு 58, இலங்கைத் தமிழர்க்கு 15, இந்தியத் தமிழர்க்கு 14, முசுலிம்களுக்கு 8 கிடைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. சிறுபான்மையினர் கூட்டுத்தொகை 37.

இங்கே சற்று நின்று கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். நியமன உறுப்பினர் அறுவரையும் சேர்த்தால் அவையின் மொத்த எண்ணிக்கை 101. மூன்றில் இரண்டு பங்கு என்பது 68. சிங்கள உறுப்பினர் 58 பேரும் நியமன உறுப்பினர் அறுவரும் ஒருங்கே வாக்களித்தாலும் 64 தான் வரும்; பூட்டுத் திறவாது. இனி, இந்தியத் தமிழர்க்கெனக் கருதப்பட்ட அந்த 14 இடங்களும் கைமாறிப் பெரும்பான்மைச் சமூகத்தைச் சேருமாயின், அதன் எண்ணிக்கை 72 ஆகும். நியமன உறுப்பினர் எவருடைய துணையுமின்றியே பூட்டுத் திறந்துவிடும். எனவே சோல்பரித் திட்டத்தின் சிறுபான்மைக் காவல் முழுவதும் தோட்டத் தொழிலாளரின் வாக்கைத் தூணாகக் கொண்டு நின்றது. யாழ்ப்பாணத்தாரின் பாதுகாப்பும், மட்டக்களப்பாரின் பாதுகாப்பும், முசுலிம்களின் பாதுகாப்பும் அத்தூணின் மேலேயே தங்கியிருந்தன. அத்தகைய தூணை நாடாளுமன்றம் வெறும் பெரும்பான்மை வாக்கினால் அகற்றிவிடலாம் என்ற நிலையில் விட்டதே திட்டத்தின் மாபெரும் குறை.

வாக்குரிமையையும் குடியேற்றத்தையும் பற்றிய சட்டங்கள் இலங்கையின் உள்விவகாரம் என்றும், அவற்றை ஆளுநர் பிரித்தானிய முடியின் ஒப்புதலுக்கென நிறுத்திவைக்க வேண்டியதில்லை என்றும் அமைச்சர்கள் கோரினர். ஆணைக்குழுவும் அதற்கு இசைந்தது. குடியேற்றச் சட்டத்தைப் பொறுத்தவரை, ஏற்கெனவே வதிவோர் வெளிச்சென்று மீள்வதற்குரிய உரிமை பற்றி ஒரு தயக்கம் மட்டும் காட்டப்பட்டது. தன்னாட்சி பெறப்போகும் நாடு தன் வாக்காளர் யாரெனத் தானே முடிவுசெய்ய வேண்டும் என்னும் கொள்கை தவறானதன்று. ஆனால் ஒரு மக்கள்கூட்டத்தின் தலைகளை எண்ணி இடங்களை ஒதுக்கிவிட்டு, அந்த இடங்களின் கணக்கைக் காட்டியே மற்றச் சிறுபான்மையினரிடம் ஒப்புதல் பெற்றுவிட்டு, அந்தத் தலைகளின் வாக்கை அடுத்த அவையின் விருப்பத்திற்கு விடுவது வேறு செயல். முன்னது தன்னாட்சி, பின்னது ஈட்டை மீட்காமலே ஈடுவைத்த பொருளை விற்பதற்கு ஒப்பானது.

ஐம்பதுக்கு ஐம்பது தீர்வாகியிருக்குமா?

சோல்பரி ஆணைக்குழு என்றவுடன் தமிழ் எழுத்துலகின் நினைவில் எழுவது ஜி. ஜி. பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையே. சிங்களர்க்குப் பாதி இடங்கள், மற்ற எல்லாச் சமூகத்தார்க்கும் சேர்த்துப் பாதி இடங்கள் என்னும் அக்கோரிக்கையை ஆணைக்குழு ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் வரலாறு மாறியிருக்கும் என்று வருந்துவோர் உளர். எண்ணிக்கையளவில் அவர்கள் கூற்றில் வலு உண்டு. அவையில் பாதி இடங்கள் சிறுபான்மையினர் கையில் இருந்திருப்பின் குடியுரிமைச் சட்டம் எளிதில் நிறைவேறியிராது.

ஆனால் அடுத்து நடந்தவை இவ்வருத்தத்திற்கு இடந்தரவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பொன்னம்பலம், சிறிது காலத்தில் சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அடுத்து வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்போது அரசின் பக்கம் நின்றார். இதனை ஏற்காத சா. ஜே. வே. செல்வநாயகம் பிரிந்து, 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பாதி இடங்களைக் கேட்டவரே தம் பாதியின் பெரும்பகுதியைச் சட்டம் துடைத்தெறிந்தபோது அமைச்சராயிருந்தார் எனில், இடங்களின் எண்ணிக்கை மட்டும் எதையும் காத்திராது என்பது தெளிவு. 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் நூற்றுக்கு 11.0, இந்தியத் தமிழர் 11.7. ஐம்பதுக்கு ஐம்பது கேட்டவர்களும் தோட்டத் தமிழரைத் தம் பக்கத்துத் தராசில் எடைக்கல்லாகவே வைத்தனர். அமைச்சர்களும் அவ்வாறே செய்தனர். எடைக்கல்லுக்கு உரிமை ஏது என்று இருதரப்பாரும் கேட்கவில்லை.

இதனினும் கூர்மையான சான்று 1945ஆம் ஆண்டு நவம்பரில் கிடைக்கிறது. சோல்பரிப் பரிந்துரைகளை ஏற்ற வெள்ளையறிக்கை அரசாங்க சபைக்கு வந்தபோது 51 பேர் ஆதரித்தனர். மூவர் மட்டுமே எதிர்த்தனர். இலங்கைத் தமிழ் உறுப்பினரும் முசுலிம் உறுப்பினரும் சேனநாயக்கவின் நல்லெண்ண வாக்குறுதியை ஏற்று ஆதரித்தனர். எதிர்த்த மூவரில் இருவர் இந்திய உறுப்பினர்கள். தம் மக்கள் எந்த இடத்தில் நிற்கவைக்கப்பட்டனர் என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர். அந்த விவாதத்தில் வெற்றியின் பெருமிதத்தைப் பற்றி எழுதிய வரலாறுகள் பல. அவ்விருவரின் வாக்கைப் பற்றி எழுதியவை மிகச் சில.

முன்கூட்டி வரையறுத்திருக்க முடியுமா?

இதுவரை கூறியவற்றிற்கு வலிமையான மறுப்பு ஒன்றுண்டு. அதனைத் தட்டிக்கழித்தல் முறையன்று. 1948 பிப்ரவரி 4ஆம் நாளுக்கு முன் இலங்கைக் குடியுரிமை என்று ஒன்று சட்டத்தில் இல்லை. கண்டிச் சிங்களரும், யாழ்ப்பாணத் தமிழரும், தோட்டத் தொழிலாளரும் ஒருங்கே பிரித்தானியக் குடிகள். இறையாண்மை இல்லாத நாட்டுக்குக் குடியுரிமை வகுக்க எவருக்கும் அதிகாரமில்லை. எனவே ஆணைக்குழு அதனைத் தொடாமல் விட்டது இயல்பே என்பது அம்மறுப்பு.

சட்ட நோக்கில் இது ஓரளவு சரி. ஆயினும் அக்காலத்து அண்டை நாடுகளின் போக்கு இதற்கு மாறாக இருந்தது. பர்மாவின் அரசியல் நிர்ணய சபை 1947 செப்டம்பரில், அதாவது விடுதலைக்கு மூன்று மாதங்களுக்கும் முன்பே, குடிமக்கள் யாவர் என்பதை அரசியலமைப்புக்குள்ளேயே எழுதிவிட்டது. அவ்வரையறை பின்னாளில் எல்லாரையும் காத்தது என்று கூறுவதற்கில்லை. ஆனால் எழுதுவது இயலாத செயலன்று என்பதற்கு அது சான்று. இந்திய அரசியலமைப்பு இரண்டாம் பகுதியில், 5 முதல் 11 வரையான உறுப்புகளில் குடியுரிமையைக் கூறுகிறது. மற்றப் பெரும்பாலான உறுப்புகள் 1950 சனவரி 26 வரை காத்திருக்க, குடியுரிமைக்குரியவற்றுள் 5 முதல் 9 வரையானவை 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்தன. யாருக்கான அரசியலமைப்பு என்பது முதலில் தெளிவாக வேண்டும் என்ற உணர்வு அதில் தெரிகிறது.

இலங்கைக்கும் வழிகள் இருந்தன. 1946 மே மாதத்து அரசாணை, தேர்தல் பட்டியலில் அப்போது இருந்தவர்களின் வாக்குரிமையை மூன்றில் இரண்டு பங்கு வாக்கின்றி நீக்கலாகாது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். 1947 நவம்பரில் பாதுகாப்பு, வெளியுறவு, பொது அலுவலர் ஆகியவை பற்றி இரு அரசுகளும் ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. இலங்கையில் பணிபுரிந்த அலுவலர்களின் ஓய்வூதியத்தையும் இழப்பீட்டையும் காக்க ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது. திருகோணமலைத் துறைமுகத்தையும் விமானத் தளங்களையும் பயன்படுத்த ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது. ஏழு லட்சத்து எண்பதாயிரம் தோட்டத் தமிழரின் நிலை பற்றி எந்த ஒப்பந்தமும் தேவைப்படவில்லை. 1947ஆம் ஆண்டின் இறுதியில் நேருவும் சேனநாயக்கவும் நடத்திய பேச்சு முடிவின்றி நின்றது. அது முடியும்வரை இறையாண்மை காத்திருக்கவில்லை. பிரித்தானியரின் முன்னுரிமைகள் எவை என்பதை அவர்கள் எழுதிய பக்கங்களினும் எழுதாத பக்கம் தெளிவாகக் காட்டுகிறது.

நீதிமன்றத்தில் சொற்கள்

1947 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 42 இடங்களே பெற்றது. இந்தியத் தமிழர் எழுவர் வென்றனர். அவர்கள் போட்டியிடாத பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்க்குத் துணையாயின. சேனநாயக்க அரசின் அச்சம் இன அச்சம் மட்டுமன்று. வர்க்க அச்சமும் அதனுள் கலந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் சட்டம் குடியுரிமையை வழிமுறையால் வகுத்தது. இலங்கையில் பிறந்திருந்தாலும், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர் என்றோ மெய்ப்பிக்க வேண்டும். லயத்து அறையில் பிறந்தவர் எந்தத் தாளைக் கொண்டு பாட்டனின் பிறப்பை மெய்ப்பிப்பார்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம் பதிவுமுறைக் குடியுரிமைக்கு ஒரு சிறு வாயிலைத் திறந்தது. ஏறக்குறைய 8,24,000 பேருக்காக விண்ணப்பங்கள் வந்தன. குடியுரிமை பெற்றவர் ஏறக்குறைய 1,34,000 பேர். அதே ஆண்டின் 48ஆம் எண் சட்டம், குடிமக்களே வாக்காளர் என்றது. மூன்று சட்டங்களும் எளிய பெரும்பான்மையால் நிறைவேறின.

29ஆம் பிரிவு இதனைத் தடுத்திருக்க வேண்டாமா என்னும் வழக்கு உயர்நீதிமன்றம் சென்று, பின்னர் கோடாக்கன் பிள்ளை வழக்காகப் பிரிவி கவுன்சிலை அடைந்து, 1953ஆம் ஆண்டு தோல்வியுற்றது. சட்டங்கள் எந்தச் சமூகத்தையும் பெயரால் குறிக்கவில்லை. தன் குடிமக்கள் யாவர் என்று வகுப்பது ஒரு நாட்டு நாடாளுமன்றத்தின் இயல்பான பணி என்பது தீர்ப்பின் அடிப்படை. சொற்கள் தெளிவாயிருக்கையில் அவற்றை விளக்க ஆணைக்குழுவின் அறிக்கையை நாடவேண்டியதில்லை என்ற நிலையை இலங்கை உயர்நீதிமன்றம் ஏற்கெனவே மேற்கொண்டிருந்தது.

சொல்லாய்வில் பயின்றோர்க்கு இத்தீர்ப்புகள் ஆர்வமூட்டுவன. 29ஆம் பிரிவு ‘சமூகம்’ என்கிறது. ‘குடிமக்கள்’ என்று கூறவில்லை. தொகுதிக் கணக்கு ‘ஆட்கள்’ என்கிறது. அதுவும் குடிமக்கள் என்று கூறவில்லை. ஒரே ஆவணத்தில் ஒரே மக்கள் ஓரிடத்தில் ஆட்களாகவும், ஓரிடத்தில் சமூகமாகவும் வருகின்றனர். உரிமையைத் தாங்கும் பெயர் எங்கும் அவர்களுக்கு இல்லை. சட்டம் அவர்களைத் தொட்டபோது, தொடப்பட்டது சமூகமன்று, தகுதியற்ற தனியாட்கள் என்று நீதிமன்றத்தால் கூற முடிந்தமைக்கு இதுவே காரணம்.

இதன் விளைவுகளுள் கொடிய முரண் ஒன்று. வாக்கை இழந்த பின்னரும் அவர்கள் ஆட்களாகத் தொடர்ந்து எண்ணப்பட்டனர். 1959ஆம் ஆண்டுத் தொகுதி வரையறையிலும் மொத்த மக்கள்தொகையே அடிப்படை. 1946ஆம் ஆண்டுத் தொகையைக் கொண்டு பார்த்தால், 75,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில், தோட்டத் தமிழர்க்காகப் பத்து இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவ்விடங்களுக்குரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தவர்கள் பக்கத்துக் கிராமங்களின் சிங்கள வாக்காளர்கள். 1952ஆம் ஆண்டு மலையகத் தமிழர் ஒருவரும் தேர்வாகவில்லை. சிறுபான்மைக் காவலுக்கென எழுப்பப்பட்ட தூண் பெயர்க்கப்பட்டதோடு நில்லாமல், எதிர்ப்பக்கச் சுவருக்குக் கல்லாகவும் பயன்பட்டது. 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது யாழ்ப்பாணத்து அரசியலாளர் திடுக்கிட்டனர். எட்டாண்டுகளுக்கு முன் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நடந்தது தம்மையும் பற்றியது என்று கணக்கிட்டுப் பார்த்தவர் அவர்களுள் சிலரே.

எஞ்சியது யாவரும் அறிந்தது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேருள் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது, அவர்களைக் கேட்கவில்லை. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட தாயகம் திரும்பியோரின் வாழ்வு அந்தப் பங்கீட்டின் தொடர்ச்சி. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கள ஆய்வுகள் அங்கே வழக்காறுகளையும் ஒப்பாரிகளையும் திரட்டுகின்றன. ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் சொல்லின் ஒவ்வொரு பகுதியும் கேள்விக்குரியது என்பதை அவற்றுள் சில மட்டுமே குறிக்கின்றன. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டு நிறைவேறியது. 29ஆம் பிரிவு அதற்கு முப்பத்தோராண்டுகள் முன்பே, 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பில் இடம்பெறாமல் மறைந்துவிட்டது.

தமிழ்த்துறைகள் இதில் செய்யத்தக்க பணி ஒன்று எஞ்சியுள்ளது. ஆணைக்குழு வந்துசென்ற 1944 திசம்பர் முதல் வெள்ளையறிக்கை வாக்கெடுப்பு நடந்த 1945 நவம்பர் வரையான காலத்தில் வீரகேசரி, தினகரன், ஈழகேசரி ஆகிய இதழ்கள் தோட்டத் தமிழரை எச்சொல்லால் குறித்தன, அவர்தம் வாக்கைத் தம் கணக்கில் எவ்வாறு சேர்த்தன என்பதை நாள் வரிசைப்படி தொகுத்துப் பார்த்தல் வேண்டும். சேனநாயக்கவின் உரைகளும் ஜெனிங்ஸின் நூல்களும் ஆங்கிலத்தில் எளிதில் கிடைக்கின்றன. அவ்விரு இந்திய உறுப்பினர் எதிர்த்து வாக்களித்த செய்தியை மறுநாள் தமிழ் நாளிதழ்கள் எந்தப் பக்கத்தில், எத்தனை வரிகளில் வெளியிட்டன என்பதை இனித்தான் பார்க்க வேண்டும்.